நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

அன்று பெய்ததை மழை என்று சொன்னால் மழையே கோபித்துக்கொள்ளும். வானம் தன் அடித்தட்டைக் கழற்றி அந்தப் பள்ளிக்கூடத்தின் தலையில் கவிழ்த்துவிட்டது. நூலக அறையில் பதினேழு இடங்களில் ஒழுகியது. பதினெட்டாவது இடத்துக்கு நேர் கீழே தலைமையாசிரியர் நின்றிருந்தார். பழைய புத்தகங்களைத் தைத்து அட்டை போட வந்திருந்த பைண்டரை, பசைச் சட்டியும் ஊசியும் மெழுகு நூலுமாக அப்படியே தள்ளிக்கொண்டு போய் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்.

"ஒரு வாரம் இங்க இருந்து வேலையைப் பாருங்க. சத்தம் மட்டும் வேண்டாம். தமிழ் மிஸ் கொஞ்சம்... கண்டிப்பு."

கொஞ்சமா? அவள் திரும்பிப் பார்த்த ஒரே பார்வையில் சட்டியிலிருந்த பசை ஏடு கட்டிவிட்டது. ஆனால் அந்தக் கண்கள்... இருபது வருஷமாக ஆயிரமாயிரம் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தவன் அவன். இப்படி இறுக்கி மூடி வைத்த ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே பெய்ததைவிட அந்தக் கண்களுக்குள் அதிகம் பெய்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

அவள் ஒரு சிறுகதை நடத்திக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்காக ஒருத்தி தினமும் பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் கதை. நூலகப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த நகலில் கடைசி வரிகள் இவை: 'வளைவில் வெளிச்சம் தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள்.'

"அவ மனசுல என்ன இருக்கு? வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. எந்த வரி சொல்லுதுன்னு காட்டணும்."

"நம்பிக்கை இருக்கு மிஸ்!" முன் பெஞ்சில் ஒருத்தி துள்ளினாள். நிமிஷத்துக்கு ஒன்பது கேள்வி கேட்பவள் என்பதால் அவளுக்குக் கேள்விக்குறி என்றே பேர். "'எழுந்து நின்றாள்'னு இருக்குல்ல. நம்பிக்கை போனவ உக்காந்தே இருப்பா."

"சரி. அவன் வந்தானா?"

"கதாசிரியர் சொல்லல மிஸ்!" என்று நாற்பது வாய்கள்.

"ஏன் சொல்லல?"

"முடிவை நம்ம கையில விட்டுட்டார் மிஸ்!"

பைண்டரின் மடியில் கிடந்ததும் அதே புத்தகம்தான். பதினாறு பக்கம் ஒரு மடிப்பு என்பது அவன் தொழிலில் அரிச்சுவடி. எண்ணினான்... பதினான்கு. மறுபடி எண்ணினான். நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து நூற்றுப் பதினைந்து. ஜோடியை இழந்த கடைசித் தாள் தானாகக் கழன்று அவன் கையில் விழுந்தது. அவனைக் கேட்காமலே அவன் வாய் திறந்துகொண்டது.

"கையில எல்லாம் விடலைங்க... ஒரு தாளே இல்லீங்க."

நாற்பது தலைகள் பின்னால் திரும்பின.

"அப்போ கதை முடியலையா மிஸ்? நாங்க எழுதின பதிலெல்லாம் தப்பா மிஸ்? அந்தத் தாள்ல என்ன மிஸ் இருக்கும்?"

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"பசை தடவுறது உங்க வேலை. அதை மட்டும் பாருங்க" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவன் தலையைக் குனிந்து அந்த மடிப்பையே பார்த்தான். தாள் கிழிபடவில்லை. ஸ்கேல் வைத்து, பிளேடால், நூல் பிடித்த மாதிரி வெட்டியிருந்தது. எந்தப் பிள்ளைக்கு வரும் இந்தப் பொறுமை?

பொது நூலகத்துப் புத்தகங்களும் அவனிடம்தான் பைண்டிங்குக்கு வரும். சாயங்காலமே அக்கா வீட்டு மாடியில் குவிந்திருந்த கட்டுகளைப் பிரித்துத் தேடினான். மூன்றாவது கட்டில் அதே புத்தகம். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் ஐந்தே வரி, பின்பக்கம் வெறுமை. படித்தான். பிறகு ஒரு காகிதத்தில் நீல மையில் எழுதிக்கொண்டான்.

"என்னடா, சின்னப் பிள்ளை மாதிரி பார்த்து எழுதுற?" துணி எடுக்க வந்த அக்கா நின்றாள். "எந்த டீச்சர் குடுத்த இம்போசிஷன்?"

"போக்கா."

"காது சிவக்குது பாரு! முப்பத்தெட்டு வயசுல இப்பத்தான் ஏழாவது போயிருக்கான் என் தம்பி."

மறுநாளே மிஸ்ஸிடம் கொடுத்திருப்பான். ஆனால் இடைவேளையில் கேள்விக்குறி பசைச் சட்டிக்கு அருகில் வந்து உட்கார்ந்து கதை அளந்தாள்.

"பசை மாமா, மிஸ்ஸுக்கு ஒருத்தர் இருக்காராம். வெளியூர் போயிருக்காராம். வந்ததும் கல்யாணமாம்."

"எப்ப வர்றாராம்?"

"சீக்கிரமாம். நான் ஒண்ணாவது படிக்கும்போதே சீக்கிரம்னுதான் சொன்னாங்க."

பைண்டரின் கையில் ஊசி நின்றது. அந்த ஐந்து வரியில், பஸ் நிற்கவில்லை. அவனும் வரவில்லை. அதைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டுவதா? அவள் அழுதால் பாவம். அதைவிட, அவள் காத்திருப்பை உடைத்துவிட்டு அந்த இடத்தில் தான் போய் உட்காரப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டால்? அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததே... அதுதான் அவனைக் கொன்றது. காகிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது; ஒரு மூட்டை அரிசியின் கனம் கனத்தது. வாரம் முழுவதும் அவள் பாடம் நடத்தினாள். அவன் தைத்தான். மழை ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

கடைசி நாள், முடித்த புத்தகங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தாழ்வாரம் வழியாகத் தூக்கி வந்தபோது சாரலில் நனைந்து நாராகிப்போனான். எதிரே அவள். அந்தப் புத்தகத்தை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்தான். அவள் பிரித்தாள். நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து ஒரு வெற்றுத் தாள் சேர்த்துத் தைத்திருந்தது.

"உங்களுக்குக் கிடைக்கலையா?"

"கிடைக்கல மிஸ்."

"பொய்யாவது ஒழுங்கா சொல்லுங்க. சட்டைப் பை முழுக்க நீல மை."

குனிந்து பார்த்தான். நெஞ்சுக்கு நேராக மை கரைந்து வழிந்துகொண்டிருந்தது. பிரபஞ்சத்தில் எந்தத் திருடனும் இப்படி மாட்டிக்கொண்டதில்லை. அவசரமாகக் காகிதத்தை எடுத்தான். ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

"போகட்டும்" என்றாள் அவள். மழையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள். "'பஸ் நிற்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். சாப்பிட்டாள். மறுநாள் அந்த பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.'"

"மனப்பாடமா...?"

"வெட்டினது நான்தாங்க." வெற்றுத் தாளைத் தடவினாள். "வரேன்னு சொல்லிட்டுப் போனவர் இனிமே வரமாட்டார்னு எனக்குத் தெரிஞ்ச அதே வாரம் இந்தப் பாடம் வந்துச்சு. வாய்விட்டுப் படிக்க முடியல. ஸ்கேலும் பிளேடும் மேசையிலேயே இருந்துச்சு... ஏழு வருஷமாச்சு. கேட்டவங்ககிட்டல்லாம் சீக்கிரம் வந்துடுவார்னே சொல்லிட்டிருந்தேன். வருஷா வருஷம் ஏழாவது பிள்ளைங்களை எல்லாம் ஏமாத்தியிருக்கேன். நீங்க கண்டுபிடிச்சதும் கோபம் வரலைங்க. பயம் வந்துச்சு."

ஏழு வருஷத்து மழை அந்தக் கண்களிலிருந்து சத்தமில்லாமல் இறங்கியது. கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டவனின் விரலெல்லாம் நீலமானதுதான் மிச்சம்.

"வகுப்புக்கு வாங்க" என்றாள். "தனியா படிக்கத் தைரியம் இல்ல."

ஐந்து வரியையும் கரும்பலகையில் எழுதினாள். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

"இதுதான் முடிவு. தாளை எடுத்தது நான். தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க."

கேள்விக்குறிதான் முதலில் எழுந்தாள். "அப்போ போன வருஷத்து அக்காங்களுக்கு யார் மிஸ் சொல்றது?"

"நான்தான். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்." பலகையைக் காட்டினாள். "இப்பச் சொல்லுங்க. இவ தோத்துட்டாளா?"

"ஆமா மிஸ். பஸ்ஸே நிக்கலையே."

"இல்ல மிஸ். தோத்தவ சாப்பிடுவாளா? 'சாப்பிட்டாள்'னு இருக்கு."

"சாப்பிட்டா சந்தோஷமா இருக்கான்னு அர்த்தமாடா?"

"சந்தோஷம்னு யார் சொன்னா? மறுநாள் வேற யாரோ அங்க இருக்காங்கன்னா, இவ போகல. அவ்வளவுதான்."

"ஏன் போகல?" என்று கேட்டாள் அவள். அது மிஸ் கேட்கும் கேள்வி மாதிரி இல்லை.

"அதுக்கு வரி இல்ல மிஸ்" என்றாள் கேள்விக்குறி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேள்வி கேட்காமல்.

மணி அடித்தது. பிள்ளைகள் குடைகளும் கூச்சலுமாக ஓடினார்கள். பைண்டர் சட்டியைக் கழுவி, ஊசிகளைச் சுருட்டிக் கட்டினான். அவன் வேலை முடிந்துவிட்டது. இனி இந்த வாசலுக்கு வரக் காரணம் கிடையாது. அவள் பலகையை அழிக்காமல் நின்றிருந்தாள்.

"காகிதத்தை ஏன் குடுக்கல?" திரும்பாமலே கேட்டாள்.

"குடுத்தா எனக்கு லாபம்னு தோணுச்சு. அதான் குடுக்கல." சட்டியைக் கீழே வைத்தான். "உங்களைப் பிடிச்சிருக்கு மிஸ். நீங்க என்னைத் திட்டின அன்னைக்கே... நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லாமப் போனா என்னால தூங்க முடியாது, அதுக்குத்தான்."

வெளியே மழை. உள்ளே அவள் சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்தாள்.

"நான் இன்னும் சரியாகலைங்க" என்றாள் மெல்ல. "சிரிக்கவே நாளாகும். இன்னொருத்தரை நம்பப் பயமா இருக்கு."

"சரிங்க." அவன் சட்டியைத் தூக்கினான்.

"முழுசாக் கேளுங்க..." அவள் திரும்பினாள். ஈரக் கண்கள், இந்த முறை மூடவில்லை. "பயந்துதான் ஆகணும்னா, உங்க பக்கத்துல இருந்துக்கிட்டே பயப்படறேன்."