தேறும் தெரு

"உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா கருணாம்பிகை. கேட்டின் கொண்டியில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கோம்லா" என்றான் இசக்கிராஜா.

"அப்ப வீடு இல்லீங்க."

"காலியா இருக்குன்னு புரோக்கர் சொன்னாரே?"

"காலியாத்தான் இருக்குதுங்க. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டிவலி, எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. சாவியை இப்பவே தர்றேன்."

"சத்தியமா எதுவும் இல்லம்மா."

"பார்த்தா நல்ல பிள்ளைகளாத்தான் தெரியுது. ஆனா, நல்ல உடம்புக்காரங்களை வெச்சுட்டு நாங்க என்னங்க பண்றது?"

இசக்கிராஜாவுக்குப் பின்னால் நின்ற கோமதி, மூச்சை அடக்கியடக்கி முகம் சிவந்துபோயிருந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்தே நெஞ்சுக்குள் விசில் ஊதிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பனியன் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று தெருவில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. அவ்வளவுதான். கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இழுப்பு, எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

கருணாம்பிகையின் முகம் மலர்ந்தது.

"அட, வீசிங்கா! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மிணி?" கொண்டி படாரென்று விலகியது. "ஷமீமு! ஓடியா! நம்ம தெருவுக்கு வீசிங் வந்திருக்குது!"

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சட்டம் மாறிய வேகத்துக்குப் பயம் மாறுவதில்லை.

கோமதி சிறுபெண்ணாக இருந்தபோதுதான் நாடிவளை வந்தது. மணிக்கட்டில் கிடக்கும் மெல்லிய வளையம். துடிப்பையும் வியர்வையையும் மூச்சின் நடையையும் படித்து, இன்னும் எத்தனை காலத்தில் எந்த நோய் வரும் என்று சொல்லிவிடும். அதன் சொல் பிசகியதே இல்லை. அன்றைய சட்டம், அவரவர் உடம்புக்கு அவரவர் பிரீமியம் என்றது. நோய் வராதவர்களுக்குக் காப்பீடு டீச்செலவில் கிடைத்தது. வரப்போகிறவர்களுக்கு வீட்டை விற்றாலும் கிடைக்கவில்லை. கோமதியின் அப்பா அவளுடைய வளையைக் கழற்றி, கபடி ஆடும் அண்ணன் கையில் மாட்டி வைத்தார். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வது அந்த வீட்டு ஒழுக்கமாயிற்று.

பிறகு தெருக்காப்புச் சட்டம் வந்தது. தனித்தனி உடம்பைப் பார்க்கக் கூடாது, தெரு முழுவதும் ஒரே உடம்பு, ஒரே பிரீமியம் என்றது அரசு. எல்லா வளைகளின் கூட்டுத்தொகையை மட்டும் தெருமுனைச் சுகக்கம்பம் வாங்கிக்கொள்ளும். யாருக்கு என்ன என்று அதற்கே தெரியாது. கோமதியின் வளை அண்ணன் கையிலிருந்து அவள் கைக்கே திரும்பியது. நல்ல சட்டம். ஆனால் மனிதர்கள் கெட்டிக்காரர்கள். இருமுகிறவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை.

அதையும் அரசு கவனித்தது. ஒரே ஒரு வரியைத்தான் திருத்தினார்கள். ஆரோக்கியமான தெருவுக்குச் சலுகை இல்லை, தேறுகிற தெருவுக்குத்தான் சலுகை. தெருவின் உடம்பு மாதாமாதம் தேறினால் கம்பத்தில் பச்சை விளக்கு, பிரீமியம் பாதியாகும். மாற்றம் இல்லையென்றால் வெள்ளை, முழுப் பிரீமியம். நலிந்தால் சிவப்பு. சிவப்புக்கு அபராதம் கிடையாது, நோய் யார் கையிலும் இல்லை என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஒற்றை வரி, எந்தப் பிரசாரமும் செய்யாத வேலையைச் செய்தது. நோயாளியைத் தெருத்தெருவாகத் தேடி வரவேற்றார்கள்.

கோமதியை அந்தத் தெரு தாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். குப்பை கொளுத்துவது குடிவந்த அன்றே நின்றது. சாம்பிராணி நின்றது. பனியன் தைக்கிற வீடுகளில் பஞ்சுத்தூசி பறக்காமல் வாசலில் ஈரச்சாக்கு தொங்கியது. தீபாவளிக்குத் தெருவில் ஒரு மத்தாப்புகூட இல்லை. வெடிக்க ஆசைப்பட்டவர்கள் ஆற்றங்கரைக்குப் போய் வெடித்துவிட்டுக் குளித்துவிட்டுத்தான் தெருவுக்குள் வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையற்காரி ஷமீம்பானு தாளிக்கும் முன்னால் சுவரைத் தட்டுவாள்.

"கோமதி! மொளகா கிள்ளிப் போடப்போறேன்! ஜன்னலைச் சாத்து!"

"சாத்திட்டேன்க்கா! என்ன கொழம்பு?"

"உனக்குப் புளி ஆகாதுன்னு பருப்புதான். எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்காரு. இருக்கட்டும்."

முதலில் இது சலுகைக்காகத்தான். போகப்போக யாருக்கும் அது நினைவில்லை. கம்பத்தில் பச்சை எரிந்தது. கோமதி மாடிப்படி ஏறினாள். பிறகு ஓடி ஏறினாள். ஒருநாள் ஷமீம் மகளின் கல்யாணத்தில் நலங்குப்பாட்டு முழுவதையும் மூச்சு வாங்காமல் பாடி முடித்தாள்.

அடுத்த மாதம் விளக்கு வெள்ளையாயிற்று.

தெருவில் தேற ஆளில்லை. முழுப் பிரீமியம். மறுமாதமும் வெள்ளை. கருணாம்பிகை வீட்டு முன்னால் புரோக்கர் வந்து நின்று பேசியது கோமதி காதில் விழுந்தது.

"அக்கா, கைவசம் ஒரு பார்ட்டி இருக்குதுங்க. சர்க்கரை முந்நூறு. காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். உங்க தெருவுக்கு ரெண்டு வருசம் பச்சைக்குக் கவலையில்லை. அந்தப் பொண்ணுதான் தேறிருச்சே, காலி பண்ணச் சொல்லுங்க."

கருணாம்பிகை சொன்ன பதில், கடந்துபோன லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை.

அன்று கோமதி சாப்பிடவில்லை. "ஏங்க, இங்கேருந்து போனா எந்தத் தெருவுல நமக்கு இடம் குடுப்பாக? கல்லு மாதிரி இருக்கோம்னு சொல்லவா? நீங்க அன்னைக்குச் சொன்ன பொய் இப்ப நெசமாப் போச்சே" என்றாள்.

"ஏட்டி, அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலைலா?"

"சொல்ல எவ்வளவு நேரமாகும்?"

மறுநாள் மதியம், அவன் ஆலைக்குப் போன பிறகு, அடுப்பில் வெறும் சட்டியை வைத்தாள். கைநிறைய வரமிளகாயை அள்ளிப் போட்டாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். நெடி ஏறும்வரை சட்டியின்மேல் குனிந்து நின்றாள். தேறாதவளாக ஒரு மாதம் இருந்தால் போதும்.

சுவர் தடதடவென்று அதிர்ந்தது. பிறகு கதவு. ஷமீம் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி பாய்ந்து அடுப்பை அணைத்தாள். பின்னாலேயே வந்த கருணாம்பிகை, கோமதியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினார். கோமதியின் மூச்சு மெல்லத் திரும்பியது.

"எதுக்குடி இந்த வேலை?" என்றாள் ஷமீம். அவளுக்கும் கண்ணில் நீர். நெடியாலா என்று தெரியவில்லை.

"தேறிட்டா... போகச் சொல்லுவீங்கள்லா?"

"எவன் சொன்னான்?"

"புரோக்கர்..."

"அவனை அன்னைக்கே செருப்பைக் காட்டி அனுப்பிச்சாச்சு" என்றார் கருணாம்பிகை. "தெருவே மொளகா வறுக்காமக் காத்த மூச்சு, கண்ணு. அதைச் சட்டியில போட்டு வறுத்துட்டு நிக்கிறயே!"

"அப்பப் பிரீமியம்? வெள்ளைதானே எரியுது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷமீம்தான் சிரித்துவிட்டாள்.

"சொல்லிருங்கக்கா. இவளுக்குத் தெரிஞ்சா என்ன?"

கருணாம்பிகை இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஜாங்கிரி. பாதி தின்றது.

"நம்ம சீட்டுக் குலுக்குவோமில்ல, அதே மாதிரிதான். யாரு பேரு விழுகுதோ அவங்களுக்கு அந்த மாசம் உடம்பு கெடணும். மறுமாசம் தெரு சேர்ந்து தேத்திரும். பச்சை எரிஞ்சிரும். மொத சீட்டு எனக்கு விழுந்துது. ஒரு வாரமா ஜாங்கிரிதான். எந்திரிச்சா தலை கிர்ருங்குது."

"ஐயோ, எதுக்கும்மா இப்படி?"

"பின்ன? உன்னை அனுப்பிட்டு ஊர்பேர் தெரியாத ஒருத்தரை வெச்சுத் தேத்தறதா? அவரும் ஒருநாள் தேறுவாரு. அவரையும் அனுப்பறதா?"

கோமதிக்கு அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாமல் வந்தது.

அந்த மாதம் கம்பத்தில் சிவப்பு எரிந்தது, யாரும் கவலைப்படவில்லை. மறுமாதம் கருணாம்பிகைக்குக் கேப்பைக்களியும் கீரையும் வீடுவீடாக வந்தன. விடியற்காலையில் தெருவே அவரோடு நடந்தது. பச்சை எரிந்தது. அதற்கடுத்து ஷமீமுக்கு ரத்தக்கொதிப்பு. ஒருவர் விழுவதும் எல்லோரும் தூக்குவதுமாக, விளக்குகள் ஒழுங்காக மாறின. அக்கம்பக்கத் தெருக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய மிட்டாய்க்கடைகளிலும் கூட்டம் கூடியது.

ஆண்டிறுதியில், மாநிலத்திலேயே அதிகம் தேறிய தெரு என்று கேடயம் வந்தது. கொண்டுவந்த அதிகாரி கைகூப்பி நின்றார். "நோயாளிகள் மேல இவ்வளவு அக்கறையான தெருவை நான் பார்த்ததே இல்லைங்க" என்றார். அது உண்மைதான். கைதட்டினார்கள்.

அவர் வண்டி திரும்பியதும் கருணாம்பிகை சீட்டுச் சொம்பைக் குலுக்கினார். கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் படித்தார்.

"இசக்கிராஜா!"

தெரு ஆரவாரித்தது. அவன் கூச்சத்தோடு முன்னால் வந்து நின்றான். கருணாம்பிகை அவனை மேலும் கீழும் பார்த்தார். கேட்டில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"கல்லு மாதிரி இருக்கேன்னீங்களே தம்பி, சொல்லுங்க. உடம்புக்கு என்ன வேணும்? கொதிப்புன்னா ஷமீம் வீட்டு ஊறுகாய் இருக்குது. சர்க்கரைன்னா ஜாங்கிரி எம்பட பொறுப்பு."

அவன் கோமதியைப் பார்த்தான். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, ஆழமாக, சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜாங்கிரியே குடுங்கம்மா" என்றான்.