அட்டவணையின் கடைசி வரி

மெதுவட்டத்திலிருந்து திரும்ப வேண்டிய கலம் வராமல் இன்றோடு பன்னிரண்டு நாள்.

காரி என்னும் கருந்துளையை ஒட்டிச் சுற்றினால் காலம் மெதுவாக நகரும். மருந்தில்லாத நோயாளிகளை அந்த மெதுவட்டத்துக்கு அனுப்பிவிட்டு, மருந்து வரும்வரை வெளியே இருப்பவர்கள் காத்திருப்பார்கள். தமயந்தியின் கணவன் சேதுராசனுக்கு ரத்தம் கெடும் நோய். உள்ளே அவனுக்கு ஆறு மாதம், வெளியே ஐந்தரை வருடம். அந்தக் கணக்கைப் போட்டதே தமயந்திதான். மருந்து நான்காம் வருடமே வந்துவிட்டது. ஆனால் காரியைச் சுற்றி எரியும் வாயுத்தட்டின் இரைச்சலில் எந்தச் செய்தியும் உள்ளே போகாது. கலம் தன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திரும்பும்.

அவள் வேலை, காரியின் சுழற்சியை அளப்பது. தட்டிலுள்ள இரும்பு ஒரே ஆற்றலில் எக்ஸ் கதிரை விடும். காரியின் பிடியை உதறி வெளியே வருவதற்குள் அது களைத்துப்போகும். நிறமாலையில் இரும்புக்கோடு ஒரு பக்கமாக இழுபடும். சுழற்சி கூடக்கூட இரும்பு விழாமல் இன்னும் நெருங்கும், கோடு இன்னும் நீளும். கலங்களும் விழாமல் நெருங்கக்கூடிய அந்த விளிம்பைத் தேடித்தான் சுற்றும்; நெருங்க நெருங்கக் காலம் இன்னும் மெதுவாகும். சுழற்சியைப் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுவரை அளப்பார்கள்; ஒன்று என்பது உச்ச வேகம்.

"புள்ளி ஒன்பது ஒன்பது எட்டு. அதோட அட்டவணை முடியுது," என்றார், சேதுராசனுக்காக அவள் கணக்குப் போட்ட அன்று, உடன் வேலை பார்க்கும் பெனடிக்ட். "அதுக்கு மேல எதும்மா சுத்தும்? எழுதிட்டு வா, டீ ஆறுது."

கோடு அட்டவணையைத் தாண்டி நீண்டாலும் எல்லோரும் அந்தக் கடைசி வரியைத்தான் எழுதினார்கள். அவளும் எழுதினாள்.

இன்று புதிய சுழல்மானி, புள்ளிக்குப் பின் வரிசையாக ஐந்து ஒன்பதைக் காட்டியது. அப்படியென்றால் உள்ளே ஆறு மாதம், வெளியே முப்பத்தோரு வருடம்.

பெனடிக்ட் கணக்கைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் போற கலத்துல தாதி இடம் காலியா இருக்கும்மா. நீயும் போயிடு. வெளிய வந்து அவர் உனக்காகக் கொஞ்ச வருஷம் காத்திருக்கட்டுமே," என்றார்.

"இந்த எண்ணு?"

"இப்பச் சொன்னா வட்டத்தையே மூடிடுவாங்க. நீ போய்ச் சேந்தப்புறம் நான் சொல்லிக்கறேன்."

தாதி இடத்துக்குப் பெயர் கொடுக்கத்தான் அவள் நோயாளிக் கூடத்துக்குப் போனாள். நாளை கிளம்ப வேண்டிய சுபைதா, தன் மூன்று வயது மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கதானே கணக்குப் போடறவங்க? நான் திரும்பி வர்றப்ப இவ மூணாங்கிளாஸ் படிப்பா, இல்ல?"

"நாலாங்கிளாஸ்!" என்று குழந்தை சண்டைக்கு வந்தாள்.

தமயந்தி தரையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். சுபைதாவின் சீப்பு பாதி முடியில் நின்றது.

"டாக்டர் எனக்கு ஒரு வருஷம் குடுத்திருக்காரு," என்றாள். "வீட்லயே இருந்துக்கறேன்க்கா."

சீப்பு மறுபடி நகர்ந்தது. தமயந்தி எழுந்துபோய் எண்ணைப் பதிவு செய்தாள். மதியத்துக்குள் மெதுவட்டத்தை மூடிவிட்டார்கள். தாதிக்கும் இடமில்லை, யாருக்கும் இடமில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. அவன் வெளியே வரும்போது அறுபதைத் தாண்டியிருப்பாள். அங்கே அவன் கடிகாரத்தில், போய் இன்னும் ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அவள் கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பாதிகூடத் தீர்ந்திருக்காது.