சிவப்பு வண்டியின் கிளட்ச்

அம்மா சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே உம்முவின் கண் அவளுடைய இடது கைக்குப் போயிற்று.

அந்த வண்டியைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். நான்கு தடித்த சக்கரங்கள், பளபளக்கும் சிவப்பு, அகலமான கைப்பிடி. பக்கத்தில் நின்ற நீல வண்டியோ மழையில் நனைந்த பூனை மாதிரி இருந்தது. சீட் கிழிந்திருந்தது. ஒரு மட்கார்டில் விரிசல்.

இரண்டும் யாரோ ஓட்டிவிட்டு விற்ற குவாட் பைக்குகள். காட்டுப் பாதையில், மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுவதற்கென்றே செய்தவை. இரண்டில் ஒன்றை அம்மா இன்று வாங்கப் போகிறாள்.

"சிவப்புதான்," என்றார் மாமா. அம்மாவின் அண்ணன். மினி லாரி ஓட்டுபவர். எந்த வண்டியைக் கண்டாலும் குனிந்து அதன் அடிவயிற்றைத்தான் முதலில் பார்ப்பார். "எங்கேயும் எண்ணெய் ஒழுகல. செயின் புதுசு. நீலமும் நல்ல வண்டிதான். ஆனா ஆமை."

பழைய வண்டிகள் விற்கும் கடைக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ரெண்டும் என் பிள்ளைங்க மாதிரி சார். ஒருத்தனை உசத்தி இன்னொருத்தனை இறக்கிப் பேச மாட்டேன்."

"அப்போ நீலப் பிள்ளைக்கு ஒரு நல்ல சீட்டாவது தச்சுப் போட்டிருக்கலாமே?" என்றார் மாமா.

அம்மா சிரித்தாள். உம்மு சிரிக்கவில்லை.

எதைக் கேட்டாலும் 'உம்' என்று மட்டும் சொல்வதால் மாமா வைத்த பெயர் அது. அவளுக்குப் பேச வராமல் இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

இன்று அவளுக்குள்ளே இருந்தது ஒரே ஒரு விஷயம். அம்மாவின் இடது மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லை.

போன வருடம் ஓர் ஏற்றத்தில் அம்மாவின் பழைய வண்டி நின்றுபோய்ப் பின்னால் உருண்டது. அம்மா கீழே விழுந்தாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்ததும், "சரியாப் போச்சு" என்றாள் அம்மா. எல்லோரும் நம்பினார்கள்.

உம்முவும்தான் நம்பினாள். பிறகு ஒருநாள், கொடியில் போட்ட துணிகளிலிருந்து தண்ணீர் கொட்டுவதைக் கவனித்தாள். அம்மா துணிகளைப் பிழியவே இல்லை. பாட்டில் மூடியைத் திறக்க வேண்டுமென்றால், "நீ திற, உனக்குப் பலம் வரட்டும்" என்று உம்முவிடம் நீட்டினாள். ஓரிரு முறை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, மணிக்கட்டை மடியில் வைத்து மெல்லத் தேய்த்துக்கொண்டாள்.

அம்மா ஏன் மறைக்கிறாள் என்றும் உம்முவுக்குத் தெரியும். மாமா முன்பே சொல்லியிருந்தார். "கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை என் காதுல விழட்டும், அதோட இந்த வண்டி ஆசைக்கு ஒரு முழுக்கு."

அந்த ஆசையை விட்டுவிட அம்மாவால் முடியாது. வாரம் முழுக்க ஒரு கண்ணாடிக் கடையில் குனிந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துபவள் அவள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு காட்டுப் பாதையில் வண்டி ஓட்டிவிட்டு வந்தால்தான் அவள் முகமே மாறும். இந்த ஒரு வருடமாக அந்த முகத்தை உம்மு பார்க்கவில்லை.

சொன்னால் அம்மாவின் ஆசை போய்விடும். சொல்லாவிட்டால் அம்மா மறுபடி விழுந்துவிடுவாளோ?

கடைக்குப் பின்னால், வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஒரு மண் திடல் இருந்தது. அம்மா முதலில் நீல வண்டியில் ஒரு சுற்றுப் போய் வந்தாள். பிறகு சிவப்பில். சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு மண்மேட்டைத் தாவி ஏறியபோது மாமா விசிலடித்தார். உம்மு கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிரமாதம்," என்றபடி அம்மா இறங்கினாள். இறங்கியதும் இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டாள். உதடு சிரித்தது. நெற்றியில் வியர்வை.

"அப்போ இதுதானே?" என்றார் மாமா.

"இதுதான். கூட வர்றவங்க எல்லாம் பறப்பாங்க. நான் மட்டும் பின்னாடி போய்த் தூசி தின்னணுமா?"

"வாங்க, உள்ளே போய்ப் பேசி முடிச்சிடலாம்," என்று கடைக்காரர் திரும்பினார்.

உம்மு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். இப்போது விட்டால் போயிற்று. ஆனால் என்ன சொல்வது? எப்படிச் சொன்னாலும் மாமாவின் காதில் விழுமே.

"நான் உட்கார்ந்து பார்க்கணும்," என்றாள்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உம்மு வாயைத் திறந்துட்டா. இன்னிக்கு மழைதான்," என்றார் மாமா.

கடைக்காரர் இரண்டு வண்டிகளிலிருந்தும் சாவியை எடுத்துவிட்டுத் தலையாட்டினார். உம்மு நீல வண்டியில் ஏறினாள். இடது கைப்பிடியில் இருந்த கிளட்ச்சை இழுத்தாள். அவளுடைய சின்னக் கைக்கே அது மடங்கி வந்தது. இறங்கிப் போய்ச் சிவப்பில் ஏறினாள். ஒரு கையால் இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்தாள். கொஞ்சம் வந்தது. பிறகு படக்கென்று விரல்களிலிருந்து நழுவிப் போய்விட்டது.

"என்னமோ நீதான் ஓட்டப் போற மாதிரி," என்று மாமா சிரித்தார். "போய் நாலு வாய் கூடச் சாப்பிடு, நோஞ்சான்."

சிரிக்கட்டும் என்று உம்மு பேசாமல் இருந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் திரும்பினால் மாமாவும் திரும்புவார்.

"இது ஏன் இவ்வளவு கெட்டியா இருக்கு?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "முன்னாடி வச்சிருந்தவர் பந்தயம் ஓட்டுறவர்மா. வேகத்துக்காக இன்ஜின்ல வேலை செஞ்சிருக்கார். அந்த வேகத்துக்கு கிளட்ச் வழுக்கக் கூடாதுன்னு கெட்டி ஸ்பிரிங் போட்டிருக்கார்."

"வேற ஸ்பிரிங் போட முடியாதா?"

"லேசா போட்டா வழுக்கும். பந்தயம்னா சீக்கிரம் முடிஞ்சிடும், கை தாங்கும்."

"காட்டுப் பாதைன்னா?"

"அங்கே நாள் பூரா இழுக்கணும், விடணும். சாயங்காலம் கை கழண்ட மாதிரி இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே சொல்லியிருக்கணும்," என்றார்.

உம்மு சிவப்பு வண்டியிலிருந்து இறங்கினாள். இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "ஏத்தத்துல போகும்போது இழுக்க முடியாமப் போனா?"

"என்ன ஆகும், வண்டி நின்னுடும்," என்றார் மாமா. "நின்னா அப்படியே பின்னாடி..."

அவர் முடிக்கவில்லை. மதில் மேல் ஒரு காகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தது.

அம்மா பையிலிருந்து கையை எடுத்தாள். நீல வண்டியிடம் போய் அதன் கிளட்ச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தாள். பிறகு சிவப்பு வண்டியின் பக்கம் வந்து அதன் கிளட்ச் மேல் விரல்களை வைத்தாள். இழுக்கவில்லை.

"நீலம்," என்றாள்.

"ஆமையா?" என்றார் மாமா.

"ஆமைதான்."

அதன் பிறகுதான் அம்மா உம்முவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று உம்முவுக்குப் புரியவில்லை.

வீடு திரும்பும்போது மூவரும் மினி லாரியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நீல வண்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கோபமாக இருக்குமோ? ஆசைப்பட்ட வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறாளோ? கடைகள் போயின, வீடுகள் போயின.

"அண்ணா," என்றாள் அம்மா கடைசியில். "என் இடது கை இன்னும் சரியாகல."

மாமா லாரியை ஓரம் கட்டினார்.

"எப்போலேருந்து?"

"கட்டைப் பிரிச்சதிலேருந்தே சரியாகல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியே வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"இப்பவும் அதைத்தான் சொல்லத் தோணுது."

மாமா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியில், பின்னால் நின்ற நீல வண்டியைப் பார்த்தார். உம்மு விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டு," என்றார் மாமா மெதுவாக. "அவர் சரின்னு சொல்ற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கும். அப்புறமும் மேட்டுப் பக்கம் வேண்டாம். ஆத்தோரப் பாதை."

"சரி."

"நீ சரின்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே," என்றார் மாமா. லாரியைக் கிளப்பினார்.

அம்மா உம்முவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டாள். "எவ்வளவு நாளா தெரியும்?" என்று காதோரம் கேட்டாள். உம்மு அம்மாவின் இடது மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் கையில் வைத்து அமுக்கச் சொன்னார். அம்மா தொலைக்காட்சி பார்க்கும்போதும் அமுக்கினாள், உம்முவுக்குப் பாடம் சொல்லித் தரும்போதும் அமுக்கினாள். பல வாரங்கள் கழித்து டாக்டர் சரி என்றார். மாமா சாவியைக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உம்முவும் மாமாவும் ஆற்றோரப் பாதை தொடங்கும் இடத்தில் காத்திருந்தார்கள். கூடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அம்மாவைக் காணோம்.

"ஆமைதானே, மெதுவா வரும்," என்றார் மாமா. சொல்லிவிட்டு எழுந்து பாதையைப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

உம்மு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டாள். காற்று. தண்ணீர். ஏதோ ஒரு பறவை. பிறகு, தூரத்தில், ஒரே சீராக ஓர் இன்ஜின்.

மரங்களுக்கு நடுவே நீல வண்டி வந்தது. அம்மா அதை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணைத் தவிர முகம் முழுக்கச் சேறு.

"சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே புல்லில் உட்கார்ந்தாள்.

உம்மு சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்தாள். அம்மா தன் பங்கைச் சாப்பிட்டாள். மாமாவின் பங்கிலும் பாதியைச் சாப்பிட்டாள். விரலை நக்கிக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்றாள்.

மாமா தன் டப்பாவை அவளிடமே நகர்த்தி வைத்தார். உம்மு பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சாப்பிடுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.