மட்டாஞ்சேரி மாடி அறை

தென்காசியில் கிளம்பிய சுற்றுலாப் பேருந்து புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. மலிவான பேருந்து, ஜன்னல்கள் சரியாக மூடவில்லை. ஆனாலும் பாட்டும் கைதட்டலுமாக உள்ளே ஒரே கொண்டாட்டம். முப்பிடாதியும் அவள் கணவர் இசக்கிதுரையும் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. மற்றவர்கள் பழைய கொச்சியைப் பார்க்கப் போனார்கள். இவர்கள், மகன் ராமர் தங்கியிருந்த அறையைப் பார்க்கப் போனார்கள்.

ராமர் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கில் சுக்கு மூட்டை தூக்கினான். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க வருவதாக இசக்கிதுரை அவனிடம் சொல்லியிருந்தார். வயலில் வேலை வந்துவிட்டது, போகவில்லை. அக்கரையிலிருந்து அப்பா வரும் படகை எதிர்பார்த்துப் படகுத்துறையில் நின்றவன், பாசியில் வழுக்கிக் காயலில் விழுந்தான். வர முடியவில்லை என்று சொல்ல அவர் போன் செய்தபோது, எடுக்க ஆளில்லை.

உடல்கூடக் கிடைக்கவில்லை.

மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்து முடித்து, கூட்டம் பழம்பொருள் கடைகளுக்குள் புகுந்தது. "விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லாரும் பஸ்ஸுக்கு வந்துரணும்" என்றான் வழிகாட்டி. இருவரும் மெல்லப் பிரிந்து, கிடங்குகளுக்கு நடுவே இருந்த சந்துக்குள் நடந்தார்கள். சுக்கும் மிளகும் நனைந்த சாக்குமாக நெடி மூக்கைப் பிடித்தது.

ராமர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி கனகாம்பாள் பாலக்காட்டுக்காரி. முப்பிடாதியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ராமரோட அம்மையா? வாங்கோ. சாயா தரட்டுமா?"

"வேண்டாம்மா. அவன் இருந்த இடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதோம்."

கனகாம்பாள் சாவியைக் கொடுக்காமல் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவன் இன்னும் வரானாக்கும். சந்தியா நேரமானா மாடிப்படியிலே நனைஞ்ச கால் சத்தம் கேக்கும். 'அப்பா வந்தாச்சா'ன்னு கேப்பான். நாளைக்கு வருவார்னு நான் சொல்லுவேன். சொன்னாப் போயிடுவான்."

"சொல்லலைன்னா?" என்றாள் முப்பிடாதி.

"போகமாட்டான்."

இசக்கிதுரையின் முகம் கறுத்தது. "செத்தவன் எங்கிட்டு வருவான்? பேச வந்துட்டா!" என்றவர் விறுவிறுவென்று வெளியே போய், எதிர்க் கிடங்கின் தாழ்வாரத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

முப்பிடாதி சாவியை வாங்கிக்கொண்டு தனியாக மேலே போனாள். ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு. வேறொன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து வெறும் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள். மழை இருட்டு அறைக்குள் இறங்கியது. கீழே சுமைவண்டிகளின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

சுக்கு வாசனை போய்விட்டது.

அந்த இடத்தில் உப்புத்தண்ணீர் வாசனை வந்தது. பாசியும் சேறும் கலந்த, நாள்பட்ட தண்ணீர்.

சளக்.

மரப்படியில் ஒரு கால்.

சளக். சளக்.

ஏறி வந்த கால் கதவுக்கு வெளியே நின்றது. சொட்டும் சத்தம் கேட்டது.

"அப்பா வந்தாச்சா?"

ராமரின் குரல். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.  பயத்தை முந்திக்கொண்டு பெற்ற மனம் பேசியது.

"ராமரு... அம்ம வந்துருக்கேன்யா."

 சொட்டும் சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டானோ என்று அவள் பதறி எழுந்தாள்.

"அப்பா வரலையாம்மா?"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. படிகளில் மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து கணவரின் கையைப் பிடித்தாள். "உங்களத்தாங்க கேக்கான். என்னய இல்ல" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

இசக்கிதுரை அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவர்போல் அந்த ஈரப்படிகளில் ஏறினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பேருந்து ஆரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. முப்பிடாதி மேலே போய்க் கதவைத் தட்டினாள்.

"நீ போ முப்பிடாதி. வசந்தி வீட்ல ஒத்தையில கெடப்பா" என்றது அவர் குரல். அழுகிறவரின் குரல் இல்லை; நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தவரின் குரல். "நான் பொறவு வாரேன்."

மகள் வசந்தியை நினைத்து அவள் கிளம்பினாள். ஆரியங்காவு வரை பக்கத்து இருக்கையைப் பார்க்காமலே வந்தாள்.

அவர் வரவேயில்லை. ராமர் வேலை பார்த்த அதே கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தங்குவது அந்த அறையில்தான். கூட்டிவரப் போன மச்சினனிடமும், "தை பொறக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போதெல்லாம் படியில் சத்தமே கேட்பதில்லை என்று கனகாம்பாள் அவனிடம் சொன்னாள்.

முப்பிடாதி தினமும் விளக்கு வைத்ததும் அவருக்குப் போன் செய்கிறாள். வயலைப் பற்றியும் வசந்திக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றியும் அவர் நன்றாகத்தான் விசாரிக்கிறார். நேற்றும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் வாயைச் சற்று அந்தப் பக்கம் திருப்பியதுபோல், தணிந்த குரலில் யாரிடமோ சொன்னார்:

"பொறுலே, அம்மகிட்டதான் பேசுதேன்."