தோப்புக்குள் கேட்ட பெயர்

மரைகே அடுக்களையில் வெர்லினின் பக்கத்திலேயே நின்று மாம்பழம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் வாய் மூடியே இருந்தது. அவள் குரல் மட்டும் வெளியே, வெயிலில் இலைகூட அசையாமல் நின்ற வாதுமைத் தோப்புக்குள்ளிருந்து, "ஃபென்னா... ஃபென்னா..." என்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"யாரோ என்னை மாதிரியே பேசறாங்க," என்று மரைகே சிரித்தாள். வெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை.

கரீபியன் தீவான டொபேகோவில் விடுதி நடத்தும் வெர்லின், ஹாலந்திலிருந்து நேற்று வந்திறங்கிய தாய்க்கும் மகளுக்கும் எல்லாம் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். பாறையோரம் நீர் இழுக்கும், கரையில் விழுந்து கிடக்கும் பச்சைக் காய் விஷம், தொடக்கூடாது, "வெயில் இங்க ஓசி மேடம், தொப்பிக்குத்தான் காசு" என்ற வழக்கமான வேடிக்கை வரைக்கும். ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள். இந்த ஊரில் வெட்டவெளியில் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், கைதான் தட்டுவார்கள். பேர் வைக்கும் முன்னே செத்த பிள்ளைகள் தோப்பில் இருக்கின்றன. காதில் விழுந்த பேரை எடுத்துக்கொண்டு, தாயின் குரலிலேயே அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிடும். போன மாதம் இதைக் கேட்ட விருந்தாளிகள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். அதனால் இன்று காலை மரைகே கடற்கரை முழுக்கக் கேட்கும்படி மகளைச் சாப்பிடக் கூப்பிட்டபோதும் வெர்லின் பேசாமல் மாவைத் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

வெர்லின் மரைகேயின் கையைப் பிடித்து இழுக்க, இருவரும் வெளியே ஓடினார்கள். அழுகிய பாசியின் வாடை, காலைச் சுடும் மணல். மரங்களுக்கிடையே ஃபென்னாவின் மஞ்சள் தொப்பி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மரைகே வாயைத் திறந்தாள். வெர்லின் பொத்தினாள்.

கை தட்டினாள். திரும்பத் தட்டினாள். ஹாலந்துப் பிள்ளைக்குக் கைத்தட்டல் என்ன தெரியும்? அது யார் பேருக்குத் திரும்பும்? நேற்று வந்ததிலிருந்து அது வெர்லினின் மகள் கெசியாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் திரிந்தது. கெசியா இப்போது மேட்டுப் பள்ளிக்கூடத்தில், கூரைக்கடியில் இருக்கிறாள். தோப்பு கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது.

ஒரே ஒரு தடவை.

"கெசியா வந்துட்டா! பாரு, கெசியா!"

தொப்பி நின்றது. திரும்பியது. குழந்தை ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டது.

வெர்லின் மூச்சு விட்டாள்.

தோப்புக்குள் யாரோ மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். "கெ...சியா." மழலை. அடுத்த முறை மழலை இல்லை. வெர்லினின் குரல்.

"வாடி கண்ணு, அம்மா இங்க இருக்கேன்."

குரல் மரத்துக்கு மரம் தாவி மேட்டை நோக்கிப் போனது. வெர்லின் ஓடினாள். சாலையில் சீருடைப் பிள்ளைகள் எதிரே வந்தார்கள். பள்ளியில் தண்ணீர் வரவில்லையாம், சீக்கிரமே விட்டுவிட்டார்களாம்.

"கெசியா எங்க?"

"என்ன ஆன்ட்டி, நீங்கதான அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டீங்க," என்றாள் ஒருத்தி. தோப்பைக் காட்டினாள்.

நிழலுக்குள் நீலப் பாவாடை. கைதட்டலுக்கு அது நிற்கவில்லை. வெர்லின் பொறுக்கமாட்டாமல் அலறினாள்.

"கெசியா!"

"கெசியா," என்றது இடப்பக்கம். "கெசியா," என்றது வலப்பக்கம். பின்னால். மேலே. எல்லாம் வெர்லினின் குரல்.

கெசியா நின்றாள். ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு, ஆகப் பக்கத்தில் கேட்ட அம்மாவிடம் போனாள்.