தகடு இல்லாத நாய்

சிவலை சோற்றைத் தொடவில்லை.

அது தின்னாத சாமான் என்று அந்த வளவில் எதுவும் இருந்ததில்லை. மீன் கழுவிய தண்ணீரையும் நக்கிக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று ஆளின் முகத்தைப் பார்க்கிற நாய் அது. சீதேவிப்பிள்ளை நிவாரண அரிசிச் சோற்றில் தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து, குழம்புச் சட்டியை வழித்துப் பிசைந்து, சிரட்டையில் கொண்டுவந்து வைத்தாள். நாய் மோந்து பார்த்தது. மரியாதைக்குக் கொஞ்சம் வாலை ஆட்டியது. பிறகு வேலியோர நிழலில் போய்ச் சரிந்து படுத்துக்கொண்டது.

"இஞ்ச பாருங்க, இதுக்கு உடம்புக்கு ஏலாது போல," என்றாள்.

அவள் புருசன் வினாயகமூர்த்தி தகரம் வெட்டுகிற கத்திரியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். உடம்புக்கு முடியாத நாயாகத் தெரியவில்லை. தொண்ணூற்றோராம் ஆண்டு மாரி ஓய்ந்த காலம் அது. வாவிக்கரைக் குடியிருப்பில் மனிதர், மாடு, காகம் என்று எல்லாமே எலும்பாய்த் திரிந்தன. சிவலைக்கு மட்டும் சிவந்த மயிர் எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கியது. வயிறு உப்பி ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அதன் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. மீன் வாடையல்ல. சேற்று வாடையுமல்ல. அவனுக்கு அந்த வாடை பிடிபடவில்லை.

"எங்க போய்த் தின்னுட்டு வருது?" என்று கேட்டான். கேட்ட பிறகு, பதில் வந்துவிடக் கூடாதே என்று நினைத்தான்.

நாவற்குடாவைத் தாண்டி இருந்த அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்தில், வாவியை ஒட்டி இராணுவ முகாம் இருந்தது. முகாமின் முட்கம்பிக்குப் பின்னால், தண்ணீருக்குள் வேரை ஊன்றி நிற்கிற கண்ணாக் காடு. முன்பெல்லாம் அங்கே நண்டு பிடிக்கப் போவார்கள். இப்போது அந்தத் திசையில் துப்பவும் பயம். போன மாதம் ஆண்களைச் சுற்றி வளைத்துக் கொஞ்சப் பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு இராசதுரையும் அதில் போனான். தெற்கே ஒரு சிறையில் பத்திரமாய் இருக்கிறார்கள் என்று முகாமில் சொன்னார்கள். இராசதுரையின் பெண்சாதி அன்னப்பூரணி அதை நம்பினாள், நம்பாமல் அவள் எப்படி அடுப்பு மூட்டுவாள்?

நடு மத்தியானத்தில்தான் அது நடந்தது. வெயில் கொதித்தது. காற்றே இல்லை. வினாயகமூர்த்தியின் வேலைக் கொட்டிலுக்குள் ஈயம் உருகுகிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. வேலியில் ஓட்டைப் பக்கம் தென்னங்கிடுகு சரசரத்தது. சிவலை உள்ளே நுழைந்து, அவன் காலடியில் எதையோ வைத்தது. வைத்துவிட்டு, தன்னை மெச்சச் சொல்லி வாலை ஆட்டியபடி நின்றது.

டயர்ச் செருப்பு. குதியில் ஒரு தகரத்துண்டு அடித்திருந்தது. நாலு ஆணி, ஓர் ஆணி கோணல். அந்தக் கோணல் ஆணி அவன் கையால் அடித்தது. இராசதுரை இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். "குதி தேயுது அண்ணன், ஒரு துண்டுத் தகரம் அடிச்சித் தாங்க," என்று இந்தக் கொட்டிலில் குந்தியிருந்துதான் கேட்டான்.

செருப்பு வெறுமையாக இல்லை.

நாய் வாலாட்டிக்கொண்டே நின்றது. வினாயகமூர்த்தி அடுப்புச் சாம்பல் கொட்டுகிற மூலையில் வெறுங்கையாலேயே தோண்டினான்.

"என்ன அண்ணன் கிண்டுறீங்க?" வேலிக்கு மேலால் அன்னப்பூரணியின் தலை தெரிந்தது.

"பெருச்சாளி புள்ள. செத்துக் கிடந்திச்சி."

"அதானே பாத்தன். ரெண்டு நாளா ஒரு மணம்." அவள் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "அவரு இருக்கிற இடத்தில நல்ல குளிராம் அண்ணன். ஒரு போர்வ குடுத்தனுப்ப வழி ஒண்டு பாருங்களன்."

"பாப்பம் புள்ள," என்றான். சாம்பலை மிதித்து மிதித்து இறுக்கினான். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு. ஆனால் சாகவும் பயம். அதுதான் அவனுடைய முழுக்கதையும். கெட்டவன் என்று யாரும் அவனைச் சொல்ல மாட்டார்கள், பயந்தவன் அவ்வளவுதான். பயந்தவன் செய்யத் துணிகிற வேலைகளைக் கெட்டவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

மறுவாரம் முகாம் வாகனம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் நாயைப் பதிய வேண்டும். வீட்டு இலக்கம் வெட்டிய தகடு ஒவ்வொரு நாயின் கழுத்திலும் தொங்க வேண்டும். நாயைக் கட்டி வைக்க வேண்டும், பட்டினி போடக் கூடாது. நாய் செய்வதற்கெல்லாம் வளர்ப்பவரே பொறுப்பு. செய்தி வாசிக்கிறதுபோல் அழகான தமிழில் சொன்னார்கள். பால்மாவுக்கே வழியில்லாத ஊரில் நாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று சனம் வாயை மூடிக்கொண்டு சிரித்தது.

தகடு வெட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

முகாமின் பெரியவர் சாந்தமான மனிதர். கதிரை போட்டு இருத்தினார். தேத்தண்ணீர் கொடுத்தார். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து மேசையில் வைப்பதுபோல் பேசினார்.

"நாய் பாவம். அதற்குப் பேசத் தெரியாது. ஆகவே பேசத் தெரிந்தவன் ஒருவன் பொறுப்பெடுக்க வேண்டும். சரிதானே?"

"சரி சேர்."

"பின்பக்கத்தில் ஒரு நாய் வந்து தோண்டுகிறது. சிவப்பு நிறம். தெருநாய் என்றால் அங்கேயே படுக்கும். இது தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறது. சில நேரம் வாயில் எடுத்துக்கொண்டும் போகிறது." பெரியவர் தன் கோப்பையில் சீனியைக் கலக்கினார். "அதன் சொந்தக்காரன் எதைப் பார்த்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும். பார்த்தவன் வெளியே இருப்பது நல்லதில்லை. உன்னிடம் நாய் இருக்கிறதா?"

"இல்ல சேர்."

"சிறுவயதில் இருந்ததா?"

"இல்ல சேர். எனக்கு நாயெண்டா அருவருப்பு."

தேத்தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே இருந்து, வெளியே வந்து துப்பினான்.

ஊர் அவனைக் காட்டிக்கொடுக்காது. வீடு வீடாகப் போய் விசாரித்தும், சிவப்பு நாயா, அப்படியொன்றைக் கண்டதேயில்லை என்று எல்லோரும் கையை விரித்தார்கள். அன்னப்பூரணியும் விரித்தாள். ஊரின் வாய்க்குப் பூட்டு இருந்தது. நாயின் வாலுக்குத்தான் பூட்டு இல்லை. ரோட்டில் எவன் பார்த்துக்கொண்டு நின்றாலும் சிவலை ஓடிவந்து இவன் காலைச் சுற்றும். அது போதும்.

அன்று பின்னேரம் வேலி ஓட்டையால் நுழைந்தபோது விறகுக் கட்டையால் அடித்தான். நாய் விளையாட்டென்று நினைத்தது. மறுபடியும் அடித்தான். ஊளையிட்டுக்கொண்டு ஓடிப்போய், இருட்டுக்கு முன் திரும்பி வந்து வாலை ஆட்டியது.

"ஐயோ, அதுக்கென்ன தெரியும்? வாயில்லாச் சீவன்தானே," என்று சீதேவிப்பிள்ளை குறுக்கே வந்தாள்.

"வாயில்லாட்டி என்ன? வால் இரிக்கே! தள்ளிப் போ."

அடி போதாது என்று கண்டுகொண்டான். மறுநாள் ஈயம் பற்றவைக்கிற இரும்பை அடுப்பில் வைத்துச் சிவக்க விட்டான். சோற்றைக் காட்டிக் கூப்பிட்டான். வந்தது. காதுக்குக் கீழே வைத்தான். மயிர் கருகிய வாடையும் இறைச்சி வெந்த வாடையும் கொட்டிலை நிறைத்தன. நாய் கத்திய கத்தலில் சீதேவிப்பிள்ளை அடுக்களையில் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். அதற்கு அடுத்த நாளும் அது வந்தது. இப்போது வயிற்றை நிலத்தில் தேய்த்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. மறுபடி வைத்தான். அவன் கை நடுங்கவில்லை, அதைப் பார்த்து அவனே பயந்தான்.

பிறகு அது உள்ளே வரவில்லை.

ஆனால் போகவும் இல்லை. பொழுது சாய்ந்து வாவியிலிருந்து உப்புக் காற்று எழும்பும் நேரத்தில், கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்கத் தொடங்கும். மோந்து மோந்து, வேலியோடு நடந்து, கொட்டிலுக்கு நேரே வந்து நிற்கும். அவன் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பான், வேலிக்கு அப்பால் அதுவும் அசையாமல் இருக்கும், கிடுகுக்கு நடுவே ஈரமாய் ஒரு மூக்கு மட்டும் தெரியும், அந்த வாடை மெல்ல மெல்ல வளவுக்குள் பரவி அவன் சோற்றுக் கோப்பை வரை வரும். அவன் மூச்சை அடக்கினால் அந்த மூச்சும் நிற்கும். விட்டால் தொடங்கும்.

ஒரு பின்னேரம் அது கேட்கவில்லை. பிடித்துவிட்டார்களாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

முகாமிலிருந்து அதன் ஊளை கேட்டது. முதலில் கோப ஊளை. பிறகு பசி ஊளை. நாளுக்கு நாள் மெலிந்து, கடைசியில் குழந்தை சிணுங்குவதுபோல் ஆனது. சீதேவிப்பிள்ளை அழுதாள். வினாயகமூர்த்திக்கு நிம்மதியாக இருந்தது. இனி அது தன்னைக் கண்டால் வாலாட்டாது. அந்த அளவுக்கு வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான்.

ஆண்களையெல்லாம் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். பின்னேர வெயில் முகத்தில் அடிக்க வரிசையாய் நிறுத்தினார்கள். பெண்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். வழக்கமாக முகமூடி போட்ட தலையாட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவன் வீடு திரும்ப மாட்டான். இன்றைக்குத் தலையாட்டியைக் காணவில்லை. ஒரு கயிற்றில் சிவலையைக் கொண்டுவந்தார்கள்.

"இவ்வளவு நாளும் தலையாட்டி, இண்டைக்கு வாலாட்டிடா தம்பி," என்று பக்கத்தில் நின்ற கிழவர் நல்லரத்தினம் உதடு அசையாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நாய் எலும்பும் தோலுமாகியிருந்தது. வரிசையின் தொடக்கத்தில் விட்டார்கள். ஒவ்வொரு காலாக மோந்து வந்தது. முதல் ஆள். ஒன்றுமில்லை. அடுத்தவன். ஒன்றுமில்லை. சோம்பலாய், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்தது. வினாயகமூர்த்தி நேரே பார்த்துக்கொண்டு நின்றான். வேர்வை முதுகில் இறங்கியது. வராதே. தாண்டிப் போய்விடு. வாலை ஆட்டாதே.

நல்லரத்தினத்தின் காலை மோந்தது. தாண்டியது.

அவன் காலடியில் மூக்கை வைத்தது.

வால் ஆடவில்லை.

வால் கால்களுக்கிடையே ஒடுங்கிப் போனது. நாய் அப்படியே நிலத்தோடு தட்டையாய்ப் படுத்தது. உடம்பெல்லாம் வெடவெடத்தது. அதன் கீழிருந்து மூத்திரம் மண்ணில் பரவி அவன் விரல்களை நனைத்தது. சூடாக இருந்தது. அதன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

பெரியவர் அவசரப்படாமல் நடந்து வந்தார். குனிந்து நாயின் காதைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையான சூட்டுத் தழும்புகள். பிறகு வினாயகமூர்த்தியின் கையைப் பிடித்து, விரல்களில் படிந்திருந்த ஈயத்தைப் பார்த்தார்.

"சொந்தமில்லாத நாய்க்கு எல்லா மனிதரும் ஒன்று," என்றார். "இதற்கு உன்னைத் தெரிகிறது."

"சேர், இது என்ட நாயில்ல சேர், சத்தியமா..."

"பட்டினி போட்டது என் பிழை. சொந்தக்காரன் இல்லாததால் அப்படி ஆகிவிட்டது. இனி இதற்குத் தீனி உன் பொறுப்பு."

கயிற்றின் மற்ற நுனியை அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார்கள். கம்பி வேலிக்கு வெளியே சீதேவிப்பிள்ளை விழுந்து கிடந்தாள். அவளைத் தாண்டி அன்னப்பூரணி ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கவலை இருந்தது, ஆனாலும் அதற்குள் ஒரு ஆவல்.

"மூர்த்தி அண்ணன்! அவரக் கண்டா சொல்லுங்க, நான் சுகமா இரிக்கன் எண்டு! போர்வ வாங்கி வச்சிரிக்கன் எண்டு சொல்லுங்க!"

அவன் வாயைத் திறந்தான். சொல்லியிருக்கலாம். சாம்பல் மூலையைப் பற்றி ஒரு சொல். சொல்லவில்லை. சொல்லாவிட்டால் விட்டுவிடுவார்களோ என்ற நப்பாசை அப்போதும் அவனை விடவில்லை.

முகாமின் பின்கதவைத் திறந்தார்கள். நாய் முதலில் அவனுக்குப் பயந்து கயிறு எட்டும் மட்டும் விலகி நடந்தது. கண்ணாக் காட்டின் காற்று வந்ததும் மூக்கைத் தூக்கியது. பயத்தை மறந்தது. இழுக்கத் தொடங்கியது. மேற்கே படுவான்கரைப் பக்கம் சூரியன் இறங்கி வாவி முழுக்கச் சிவந்து கிடந்தது. வேர்கள் காலை இடறின. சேறு முழங்கால் வரை. காகங்கள் எழும்பவில்லை, கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டன. வாடை. அதே வாடை. அவன் வளவுக்குள் வந்த வாடை. இப்போது பிடிபட்டது.

நாய் இழுத்தது. அவன் போனான்.

தோண்டிக் கிளறிய மண். மண்ணுக்கு வெளியே ஒரு சாரத் துணியின் கரை. ஒரு கால். கால் முடிகிற இடத்தில் ஒன்றுமில்லை.

இராசதுரையைக் கண்டான்.

பக்கத்தில் புதிதாய் வெட்டிய குழி. ஓர் ஆள் அகலம். அவனை உள்ளே இறக்கி முழங்காலில் இருத்தினார்கள். பெரியவர் குனிந்து, நாயின் கழுத்துக் கயிற்றை நோகாமல் அவிழ்த்துவிட்டார். தலையைத் தடவிக்கொடுத்தார்.

சிவலை ஓடவில்லை. விளிம்பில் வந்து குந்தியது. பட்டினி கிடந்த வாயிலிருந்து எச்சில் நூலாய் இறங்கி அவன் தோளில் விழுந்தது. பின்னால் எங்கோ சுடுவதற்குத் துவக்கை இழுத்து ஏற்றும் சத்தம் கேட்டது. நாய் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புதுமண்ணில் வால் பட்டுப் பட்டு எழும்ப, அவனைப் பார்த்து அது சந்தோசமாக வாலாட்டிக்கொண்டிருந்தது.