மேசைக்கு அடியில் ஒரு கை

மருமகளுக்கு வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் தொடவே இல்லை.

"இனிமே எனக்கு எதுக்கு டீ? இதுல விஷத்தைக் கலந்து குடுத்திருந்தா நிம்மதியாப் போயிருப்பேனே அத்தை..." என்றாள். அழுது அழுது கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

மாமியார் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பல்கலைக்கழக இசைத்துறையில் இருபத்தாறு வருடமாக வாத்திய அறைக்கு அவள்தான் பொறுப்பு. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதிலிருந்து வயலினுக்குக் கம்பி மாற்றுவது வரை எல்லாம் அவள் கைதான். மாணவர்கள் அவளைச் சுருதியம்மா என்றே கூப்பிடுவார்கள். அவள் கணவர் அந்தத் துறைக்குத் தலைவர். மருமகள் அங்கேயே முதுகலை கடைசி வருடம் படிக்கிறாள். நான்கு நாள் முன்பு நடந்த வாய்ப்பாட்டுச் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டாள்.

"வீட்டுக்கு வந்த பொண்ணை ஃபெயிலாக்க எப்படித்தான் மனசு வந்துதோ!" என்று நாத்தனார் ஆரம்பித்தாள். கணவரின் தங்கையான அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அண்ணன் பாவம், வாயில்லாப் பூச்சி. ஆட்டி வைக்கிறதெல்லாம் அண்ணிதான். மூணு வருஷத்துக்கு முன்னால விரிவுரையாளர் வேலை வீடு தேடி வந்துச்சு. வேண்டாம்னு எழுதிக் குடுத்தாங்க மகராசி! இப்ப மருமக அந்த எடத்துக்கு வந்துடுவாளோன்னு வயித்தெரிச்சல்!"

மூன்றடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பேராசிரியர் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் இடி விழுந்தாலும் அவர் பேப்பரைக் கீழே வைக்க மாட்டார் என்பது அந்த வீட்டில் பழைய கேலி. பெரிய மனுஷர், சண்டையில் தலையிட மாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்! மூன்றரை வருடத்துக்கு முன் வலது காது போயிற்று, ஆறே மாதத்தில் இடது காதும் போயிற்று. "காது கேக்காத பாட்டு வாத்தியார்னு ஊரே சிரிக்கும்... யார்கிட்டயும் சொல்லிடாதே, நம்ம பையன்கிட்டகூட!" என்று குழந்தையைப் போல அவள் மடியில் முகம் புதைத்து அழுதார். சொல்ல மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து மற்றவர் பேச்சை உதட்டசைவில் படித்துச் சமாளித்தார். தேர்வு நாட்களில் வாத்தியங்களைச் சரிபார்க்கிற சாக்கில் அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மேசைக்கு அடியில் அவர் மணிக்கட்டில் அவள் விரல் இருக்கும். பாடுகிறவர் சுருதி விலகினால் ஒரு முறை அழுத்துவாள். தாளம் தப்பினால் இரண்டு முறை. அவர் அதை வைத்து மதிப்பெண் போடுவார். விரிவுரையாளர் வேலை வந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஏற்றுக்கொண்டால் அவளும் வேறு அறையில் தேர்வு நடத்தப் போக வேண்டும். அதனால்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அன்று வாத்திய அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுத அழுகை யாருக்குத் தெரியும்?

மருமகள் பாடியபோது விரல் ஏழு முறை அழுத்தியது. வீட்டுப் பெண் என்று விட்டுவிட்டால், போன வருடம் தோற்றுப்போன பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆனால் அந்தத் தேர்வன்று மேசை விரிப்பு குட்டையாக இருந்துவிட்டது. மருமகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். பார்த்ததை அப்படியே எழுதி டீனிடம் புகார் கொடுத்துவிட்டாள்.

தேநீர் ஆறிய அந்தக் காலையிலேயே, பதினொரு மணிக்கு டீன் அறையில் விசாரணை. டீன் புகாரை உரக்கப் படித்து முடித்தார்.

"அம்மா, நீங்க சார் கையை அழுத்தினது உண்மையா?"

"உண்மைதான் சார்."

"எதுக்காக?"

கணவரின் கண்கள் தன் உதட்டின் மேலேயே இருப்பதை அவள் பார்த்தாள். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருடம். முப்பது வருட மரியாதை! அவர் பார்க்க முடியாதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொறாமை சார்... எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைச்சிடக் கூடாதுன்னு பண்ணிட்டேன். அவருக்கு இதுல சம்பந்தமே இல்ல. என்னை அனுப்பிடுங்க." வாத்திய அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மாமா! கேட்டீங்களா? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!" பேராசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற மருமகள் கத்தினாள்.

அவர் திரும்பவில்லை.

"மாமா...! மாமா!"

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க எட்டி எட்டி முயன்றுகொண்டிருந்தார். "என்ன சொன்னா சார்? ஏன் எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறீங்க?" என்று டீனிடம் கேட்டார்.

மருமகளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. கீழே வைக்காத செய்தித்தாள்... அவர் ஒருநாளும் எடுக்காத டெலிபோன்... "எதிர்ல நின்னு பாடும்மா" என்று வீட்டில் அவர் சொல்வது... கூடவே இன்னொன்றும் குத்தியது. தேர்வு ரெக்கார்டிங்கை முந்தாநாள் அவள் போட்டுக் கேட்டிருந்தாள். அந்த ஏழு இடத்திலும் அவளே முகம் சுளித்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மேசைக்கு அடியில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

பேராசிரியர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார். பிறகு, இன்னும் திரும்பாமல் நின்ற மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"என்ன பொய் சொன்னா இவ?" என்று எழுந்தார். குரல் உடைந்திருந்தது. "எனக்குக் காது கேக்காது சார். மூணு வருஷமாச்சு. இந்தத் துறையில மார்க் போட்டதெல்லாம் இவதான். கையெழுத்து மட்டும்தான் என்னோடது!"

டீன் புகாரை மடித்து வைத்தார். பிறகு, "மூணு வருஷத் தேர்வையும் திரும்ப நடத்தணும். நீங்க இன்னிக்கே பொறுப்பை ஒப்படைச்சிடுங்க சார்" என்றார். அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாவியும் இங்கேயே இருக்கட்டும்மா. எனக்கு வேற வழி தெரியல."

வெளியே நடைக்கூடத்தில் மருமகள் ஓடிவந்து வழி மறித்தாள்.

"அத்தை... அந்த ஏழு எடத்துலயும் சுருதி போனது நெஜம். தெரிஞ்சும் புகாரைத் திரும்ப வாங்காம இருந்தேனே... பாவி நான்!"

மாமியார் அவள் கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு நேரமும் அழாதவளுக்கு இப்போது அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"எட்டு எடம்டி கண்ணு. ஒண்ணுக்கு மட்டும் எனக்கு அழுத்த மனசு வரல..."

மருமகள் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். அந்தச் சத்தத்துக்கு வகுப்பறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முன்னால் போய்க்கொண்டிருந்த பேராசிரியர் மட்டும் எதுவும் கேட்காமல் மாடிப்படி வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்று, பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும், திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார்.